டிராக்டர் வண்டிகளுக்குத் துணை விளக்குகள்: தெரிந்தெடுத்தலும் உபயோகித்தலும்

தாமிரபரணியின் எட்டு அணைகளுள் கடைசியாகிய திருவைகுண்டம் அணையிலிருந்து பிரியும் வடகால், பெருங்குளம் முதலிய குளங்களுக்கு நீர் அளித்துக்கொண்டு கோரம்பள்ளம் குளம் வரையில் செல்கிறது. இப்பாசன நிலங்களுக்கு அண்மையில், பனை மரங்கள் நிறைந்த செம்மண் புன்செய்களின் நடுவே சாயர்புரம் அமைந்திருக்கிறது. ஒரு பக்கம் நெல்லும் வாழையும் விளையும் சேற்று நிலம். மற்றொரு பக்கம் புழுதி பறக்கும் மானாவாரி நிலமும் கிணற்றுத் தோட்டமும். கிழக்கே சிறிது தூரத்தில் தூத்துக்குடிக் கடற்கரையும் உப்பளங்களும். ஆகவே இவ்வூரைச் சுற்றி வேலை செய்யும் ஒரு டிராக்டர், ஒரே வருஷத்தில் சேறு, புழுதி, உப்புக்காற்று ஆகிய மூன்றுக்கும் உட்படுகிறது. அவ்வண்டியில் பொருத்தப்படும் விளக்கும் அவ்வாறே மூன்றையும் தாங்க வேண்டியதாகிறது.

இரவில் வயல் வேலை செய்வது நமக்குப் புதிதன்று. முற்காலத்தில் அரிக்கேன் விளக்கைக் கையிலேந்தி மடை திறந்தோம். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் களத்தில் சூடடித்தோம். ஆயினும் அந்நாளில் ஏர் பூட்டிய மாடுகள் இருட்டில் வரப்பையும் பள்ளத்தையும் தாமே அறிந்து நின்றுவிடும். இயந்திரத்திற்கு அவ்வறிவு இல்லை. காலில் நீர் வந்தவுடன் தொழி உழவை முடிக்க வேண்டியிருப்பதாலும், பிசான அறுவடையில் அறுவடை இயந்திரம் வயலுக்கு வந்த நேரத்தில் வேலையை வாங்கிக்கொள்ள வேண்டியிருப்பதாலும், கோடையில் பகல் வெப்பத்தைத் தவிர்க்க வேண்டியிருப்பதாலும், இன்று டிராக்டர் இரவில் ஓடுவது சாதாரணமாகிவிட்டது. இதன் பொருட்டு விவசாயிகள் கடையில் கிடைக்கும் விளக்குகளை வாங்கி முன்னும் பின்னும் மேலுமாகப் பொருத்துகின்றனர். அவற்றுள் பல வேண்டிய இடத்திற்கு வெளிச்சம் தராமல், வேண்டாத இடத்தில் கண்ணைக் கூசச் செய்கின்றன. சில பாட்டரியைக் கெடுக்கின்றன. சில எதிரே வருவோரின் உயிருக்கே அபாயமாகின்றன. எனவே துணை விளக்குகளை எவ்வாறு தெரிந்தெடுப்பது, எங்கே பொருத்துவது, எப்போது ஏற்றுவது, எப்போது அணைப்பது என்பவற்றை இங்கே வரிசையாக ஆராய்வோம்.

1. விளக்கின் இருவகைப் பயன்

வண்டியில் உள்ள விளக்குகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். நாம் பிறவற்றைக் காண்பதற்கு உதவுவது ஒரு வகை. பிறர் நம்மைக் காண்பதற்கு உதவுவது மற்றொரு வகை. தூத்துக்குடிக்கு எதிரே முயல் தீவிலுள்ள கலங்கரை விளக்கம் கடலைப் பகலாக்குவதற்காக ஏற்பட்டதன்று. கரை இருக்கும் இடத்தை மாலுமிக்கு உணர்த்துவதே அதன் தொழில். வண்டியின் பின்புறச் சிவப்பு விளக்கும் அத்தகையதே. அது ஒரு முழம் தூரத்தைக்கூட நமக்குக் காட்டாது. எனினும் நம் உயிரைக் காப்பதில் வேலை விளக்குகள் அனைத்தையும் விட மேலானது.

துணை விளக்கு வாங்கப் புறப்படுகிறவர், முதலில் வண்டியோடு வந்த முன்விளக்குகள் இரண்டும், பின்புறச் சிவப்பு விளக்குகளும், திரும்பும் குறி விளக்குகளும் ஒழுங்காக எரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். மங்கிய கண்ணாடியைத் துடைப்பதும், துருப்பிடித்த இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்வதும், பல்பை மாற்றுவதும் சொற்பச் செலவிலேயே முடியும். இவற்றைச் செய்தபின் புதிய விளக்குத் தேவையில்லை என்று காண்போரும் உண்டு.

2. ஒளிக்கதிரின் வடிவம்

விளக்கை வாங்கும்போது அதன் பிரகாசத்தை மட்டும் கேட்பது போதாது. அது ஒளியை எவ்வடிவில் வீசுகிறது என்பதே முக்கியம். நீளக்கதிர் விளக்கு ஒளியைக் குறுகிய கற்றையாக்கி வெகுதூரம் செலுத்தும். அகலக்கதிர் விளக்கு அதே ஒளியை இருபுறமும் விரித்து அருகிலுள்ள நிலத்தை ஒரே சீராகக் காட்டும்.

ஒளி தூரத்திற்கேற்பக் குறையும் விதியை இங்கே நினைவில் வைக்க வேண்டும். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் பாதியாவதில்லை, நாலில் ஒன்றாகிறது. ஒரு விளக்கு 5 மீட்டர் தூரத்தில் 100 பங்கு வெளிச்சம் தருமாயின், 10 மீட்டரில் 25 பங்கும், 20 மீட்டரில் 6 பங்கிற்குச் சற்று அதிகமுமே தரும். ஆகையால் வெகுதூரம் காண விரும்பி விளக்குகளைப் பெருக்கிக்கொண்டே போவது வீண் செலவு.

உழும் டிராக்டர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் ஒரு வினாடியில் ஏறக்குறைய 1.4 மீட்டர் நகரும். ஒரு தடையைக் கண்டு வண்டியை நிறுத்த 3 வினாடி ஆகுமென்று வைத்துக்கொண்டாலும், அதற்குள் சுமார் 4 மீட்டரே கடக்கிறது. ஆகவே வயலில் முன்னும் பின்னும் 10 முதல் 15 மீட்டர் வரை, இருபுறமும் வரப்புத் தெரியுமாறு நன்றாகக் காணப்பட்டால் போதும். இதற்கு அகலக்கதிர் விளக்கே ஏற்றது. நீளக்கதிர் விளக்கினால் நடுவில் கண் கூசும் பிரகாசமும், பக்கங்களில் முன்னிலும் கனத்த இருளும் உண்டாகும். பக்கத்து வரப்பில் உட்கார்ந்திருக்கும் ஆளோ, தரைமட்டக் கிணறோ அவ்விருளில் மறைந்துபோகும்.

3. ஹாலஜன் விளக்கும் எல்.இ.டி. விளக்கும்

இப்போது வழக்கிலுள்ளவை இவ்விரண்டே. ஹாலஜன் விளக்கு இழை காய்ந்து எரிவது; சற்று மஞ்சளான ஒளி தருவது; விலை குறைவு; பல்பு எல்லா ஊர்களிலும் கிடைக்கும். ஆனால் அதிக மின்சாரத்தை உட்கொண்டு, பெரும்பகுதியை வெப்பமாக்கிவிடும். வண்டியின் அதிர்ச்சியால் இழை அறுவதும் உண்டு. பல்பை மாற்றும்போது கண்ணாடியை விரலால் தொடலாகாது; விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகமாகச் சூடேறிப் பல்பு விரைவில் கெடும்.

எல்.இ.டி. விளக்கு ஹாலஜன் எடுக்கும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவிலேயே அதே வெளிச்சத்தைத் தரவல்லது. இழை இல்லாமையால் அதிர்ச்சியைத் தாங்கும். ஆயினும் வெப்பம் அதற்கும் பகையே. அதன் முதுகிலுள்ள உலோகத் தகடுகள் வெப்பத்தைக் காற்றில் விடுவதற்காக அமைந்தவை. அவற்றில் சேறு அப்பிக் காய்ந்துவிட்டால் விளக்கின் ஆயுள் குறையும். வேலை முடிந்ததும் முகத்தை மட்டுமன்றி முதுகையும் கழுவ வேண்டும்.

எல்.இ.டி. விளக்கின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வாட் கணக்கை அப்படியே நம்பலாகாது. ஆம்பியர் மானியைக் கொண்டு ஒரு நிமிஷத்தில் உண்மையை அறியலாம். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் வரும். 12 வோல்ட் பாட்டரியில் இணைத்த ஒரு விளக்கு 2 ஆம்பியர் மட்டுமே எடுக்குமாயின் அது 24 வாட் விளக்கே. பெட்டியின் மேல் 72 என்று எழுதியிருந்தாலும் அது 72 ஆகாது. பட்டறையில் இச்சோதனையைச் செய்து பார்த்த பின்பே பணம் கொடுப்பது நல்லது.

4. மின்சார வரவு செலவு

குடும்பக் கணக்கைப் போலவே வண்டியின் மின்சாரத்திற்கும் வரவு செலவு உண்டு. ஆல்டர்னேட்டர் தருவது வரவு; விளக்குகள் எடுப்பது செலவு; பாட்டரி கையிருப்பு. வரவிற்கு மிஞ்சிச் செலவு செய்தால் கையிருப்புக் கரையும். காலையில் வண்டி கிளம்பாது.

ஓர் உதாரணம் கூறுவோம். ஒரு டிராக்டரின் ஆல்டர்னேட்டர் 36 ஆம்பியர் அளவுடையதென்று கொள்வோம். எஞ்சின் மெதுவாக ஓடும்போது அவ்வளவு வராது. பாட்டரிக்கும் ஒரு பங்கு சேர வேண்டும். ஆகையால் நாலில் மூன்று பங்காகிய 27 ஆம்பியரையே விளக்குகளுக்கு உரியதாகக் கணக்கிடுவது உசிதம். வண்டியின் சொந்த முன்விளக்குகளும் மற்றவையும் சேர்ந்து 150 வாட் என்றால், அதை 12ஆல் வகுக்க 12.5 ஆம்பியர் ஆகிறது. மீதி 14.5 ஆம்பியர்.

இப்போது 55 வாட் ஹாலஜன் விளக்குகள் நான்கைப் பொருத்தினால் 220 வாட், அதாவது 18 ஆம்பியருக்கு மேல் ஆகும். இது மீதியைத் தாண்டிவிடுகிறது. இரண்டு மட்டும் பொருத்தினால் 9 ஆம்பியரைச் சற்றே கடக்கும், இதைத் தாங்கலாம். 20 வாட் எல்.இ.டி. விளக்குகள் நான்கு பொருத்தினாலோ 80 வாட், அதாவது 7 ஆம்பியருக்கும் குறைவே. ஒவ்வொருவரும் தம் வண்டியின் ஆல்டர்னேட்டரில் குறித்துள்ள அளவைப் பார்த்து இவ்வாறு கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

எஞ்சினை நிறுத்திவிட்டு விளக்கை மட்டும் எரியவிடுவது கூடாத பழக்கம். 75 ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள நல்ல பாட்டரியிலும், இரண்டு ஹாலஜன் விளக்குகள் 4 மணி நேரம் எரிந்தால் ஏறக்குறையப் பாதி தீர்ந்துவிடும். பழைய பாட்டரியானால் அதற்கு முன்பே ஓய்ந்துபோகும்.

5. வயர், பியூஸ், ரிலே

விளக்கு நல்லதாயிருந்தும் வெளிச்சம் மங்கலாயிருப்பதற்குப் பெரும்பாலும் மெல்லிய வயரே காரணம். பாட்டரியிலிருந்து விளக்கு வரை 4 மீட்டர் தூரமாயின், போய்த் திரும்பும் வழி 8 மீட்டர். 1 சதுர மில்லிமீட்டர் செப்பு வயரில் 9.2 ஆம்பியர் ஓடும்போது வழியிலேயே ஏறக்குறைய 1.3 வோல்ட் இழப்பாகிறது. அதாவது பத்தில் ஒரு பங்கிற்கு மேல் போய்விடுகிறது. வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஹாலஜன் விளக்கின் வெளிச்சம் பத்தில் மூன்று பங்கு வரை குறைந்துவிடும். அதே இடத்தில் 2.5 சதுர மில்லிமீட்டர் வயரைப் போட்டால் இழப்பு அரை வோல்ட்டு அளவிலேயே நிற்கும். புதிய விளக்கு வாங்கும் பணத்தில் ஒரு சிறு பகுதியை நல்ல வயருக்குச் செலவிடுவது லாபகரமானது.

ஒவ்வொரு ஜோடி விளக்கிற்கும் தனிப் பியூஸ் அவசியம். அதைப் பாட்டரியின் அருகிலேயே அமைக்க வேண்டும். ஏனெனில் வயர் உராய்ந்து இரும்பைத் தொட்டால், பியூஸுக்கும் பாட்டரிக்கும் இடையிலுள்ள பகுதிக்கு யாதொரு பாதுகாப்பும் இல்லை. 9.2 ஆம்பியர் எடுக்கும் ஜோடிக்கு 15 ஆம்பியர் பியூஸ் தகும். பியூஸ் அடிக்கடி போகிறதென்று செப்புக் கம்பியைச் சுற்றிவிடுவது, வைக்கோல் ஏற்றும் வண்டிக்கு நாமே தீ வைப்பதற்குச் சமானம். ஹாலஜன் ஜோடியின் முழுச் சுமையையும் ஸ்விட்ச் வழியே விடாமல் ரிலே ஒன்றை இடையில் வைத்தால் ஸ்விட்ச் கருகாது. முன்புற, பின்புற வேலை விளக்குகளுக்குத் தனித்தனி ஸ்விட்சும், அவை எரிகின்றனவென்று ஓட்டுபவருக்குக் காட்டும் சிறு குறி விளக்கும் இருத்தல் வேண்டும்.

6. பொருத்தும் இடமும் கோணமும்

மேலே வைத்த விளக்குத் தூரம் காட்டும். கீழே வைத்த விளக்கு நிலத்தின் மேடுபள்ளத்தைக் காட்டும். கீழிருந்து சாய்ந்து விழும் ஒளியில் சிறு வரப்பும் நிழல் காட்டி நிற்கும். நேர் மேலிருந்து விழும் ஒளியில் அது தட்டையாகத் தோன்றும். ஆகவே முன்புறத்தில் இரண்டு விளக்குகளைச் சற்றுத் தாழ்வாகவும், பின்புறத்தில் இரண்டை மட்கார்டின் மேலோ கூரைச் சட்டத்தின் பின் ஓரத்திலோ வைப்பது பொருத்தமாகும். கூரையின் முன் ஓரத்தில் வைக்கும் விளக்கு பானெட்டின் மேல் பட்டு எதிரொளித்து ஓட்டுபவரின் கண்ணைக் கூசச் செய்யும். அப்படி வைக்க நேர்ந்தால் பானெட்டில் படாதவாறு திருப்ப வேண்டும்.

கோணத்தை நிர்ணயிக்க எளிய முறை இது. விளக்கு 2 மீட்டர் உயரத்தில் இருக்குமானால் அதன் கதிரின் நடுப்பகுதி 8 மீட்டர் தூரத்தில் தரையில் விழுமாறு சாய்த்து வைக்க வேண்டும். பின்புற விளக்கின் கதிர், ரோட்டவேட்டர் அல்லது கலப்பையின் மேலும் அதற்கு அப்பால் சில மீட்டர் வரையிலும் விழ வேண்டும்.

பொருத்திய பின் ஓர் இரவு பரீட்சித்துப் பார்க்கலாம். சமமான நிலத்தில் வண்டியை நிறுத்தி, வெள்ளைத் துணித் துண்டுகளை 5, 10, 15 மீட்டர் தூரங்களில் நடுவிலும் இருபுறங்களிலும் கல் வைத்துப் பரப்புக. அவ்விடங்களிலேயே கரிய துணித் துண்டுகளையும் வைக்குக. பின்பு ஆசனத்தில் அமர்ந்து, எவையெவை தெரிகின்றன என்று குறித்துக்கொள்ளுக. வெள்ளைத் துணி எல்லா விளக்கிலும் தெரியும். கரிய துணி தெரிவதே விளக்கின் உண்மையான தரம். அதன் பிறகு ஒருவரை வண்டிக்கு எதிரே நிறுத்தி, அவர் கண் கூசுகிறதா என்றும் கேட்டறிய வேண்டும்.

7. சேறு, புழுதி, உப்புக்காற்று

சேற்று வயலுக்கு நீர் புகாத விளக்கே வேண்டும். விளக்கின் மேல் ஐ.பி. என்ற குறியும் இரண்டு இலக்கங்களும் காணப்படும். முதல் இலக்கம் 6 ஆனால் தூசி புகாது. இரண்டாவது 7 ஆனால் 1 மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் மூழ்கியும் நீர் புகாது என்பது பொருள். ஆயினும் ஐ.பி. 67 குறி, பீச்சுக் குழாயின் அழுத்தத்தைத் தாங்கும் என்பதற்கு உறுதியன்று. ஆகவே விளக்கின் ஓரங்களில் பீச்சாமல் ஈரத் துணியால் துடைப்பதே நலம்.

புழுதி நிலத்தில் ஒளியே பகையாவதுண்டு. பறக்கும் தூசியின் ஒவ்வொரு துகளும் ஒளியை நம் கண்ணுக்கே திருப்பி அனுப்புவதால் எதிரே வெள்ளைத் திரை கட்டியதுபோல் தோன்றும். அப்போது மேல் விளக்குகளை அணைத்துவிட்டு, தாழ்வாகவும் கண்ணின் நேர்கோட்டிற்கு விலகியும் உள்ள விளக்குகளை மட்டும் எரிக்க வேண்டும். மார்கழி, தை மாதப் பனியிலும் இதே விதி பொருந்தும்.

கடலோரத்தின் உப்புக்காற்று செப்பையும் இரும்பையும் அரிக்கும். அலுமினிய விளக்கை இரும்புத் தாங்கியில் நேராக முடுக்கினால் இரண்டும் சேரும் இடத்தில் அரிப்பு மிகும். நடுவில் நைலான் அல்லது ரப்பர் வாஷர் வைத்துத் துருவேறா எஃகு போல்ட்டால் முடுக்க வேண்டும். இணைப்பு முனைகளைச் சுத்தம் செய்து வாஸ்லின் தடவினால் ஈரம் அணுகாது. உப்பளப் பாதையில் சென்று திரும்பிய வண்டியை அன்றே நல்ல நீரால் கழுவுதல் வேண்டும். வண்டியின் இரும்பையே மின்சாரம் திரும்பும் வழியாகக் கொள்ளாமல், பாட்டரி வரையில் தனி வயர் போடுவது இப்பகுதிக்கு மிகவும் ஏற்றது.

வெண்மையான ஒளி பூச்சிகளை வெகுவாக ஈர்க்கும். குருத்துப்பூச்சியின் அந்துகளும் புகையானும் விளக்கை நாடி வருவன. ஆகையால் நாற்றங்காலின் அருகே வண்டியை நிறுத்தி விளக்கை வீணே எரியவிடலாகாது.

8. சாலையில் செல்லும்போது

வயலுக்கு ஏற்றது சாலைக்கு ஏற்றதாகாது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, இதைத் தெளிவாக வரையறுத்துள்ளன. சூரியன் அஸ்தமித்து அரை மணி நேரத்திற்குப் பின்பு முதல், உதயத்திற்கு அரை மணி நேரம் முன்பு வரையிலும், போதிய வெளிச்சம் இல்லாத மற்றெந்த நேரத்திலும், சாலையில் செல்லும் வண்டியின் முன்விளக்கு 155 மீட்டர் தூரத்தில் உள்ள ஆளையும் வண்டியையும் காட்டவல்லதாயிருக்க வேண்டும் என்பது 105ஆம் விதி. முன்விளக்கின் கதிர் கீழ்நோக்கித் தாழ்ந்து, 8 மீட்டர் தூரத்தில் 1.5 மீட்டர் உயரத்தில் கண் உள்ளவரைக் கூசச் செய்யாதிருக்க வேண்டும் என்பது 106ஆம் விதியின் கருத்து. முன்புறத்தில் சிவப்பு ஒளியும், பின்புறத்தில் சிவப்பல்லாத ஒளியும் காட்டுவதை 108ஆம் விதி தடுக்கிறது; எண் பலகையின் விளக்கு, பின்னோக்கி நகரும்போது எரியும் விளக்கு முதலிய சிலவற்றிற்கு மட்டும் விலக்கு உண்டு. முன்புறத்தில் தேடு விளக்கைப் பொருத்துவதும் பதிவு அதிகாரியின் சம்மதமின்றிக் கூடாது என்று 111ஆம் விதி கூறுகிறது.

இதனால் பெறப்படுவது யாதெனில், டிராக்டரின் பின்புறத்து உழவு விளக்கைச் சாலையில் எரியவிடுதல் குற்றமாகும் என்பதே. இதைப் பலர் அறியாமலே செய்கின்றனர். பின்னே வருபவர் வெள்ளை ஒளியைக் கண்டால், எதிரே ஒரு வண்டி தம்மை நோக்கி வருவதாகவே எண்ணுவார். ஒதுங்க வேண்டிய பக்கம் தெரியாமல் தடுமாறுவார். மேலும் அவ்வெள்ளை ஒளியில் சிவப்பு விளக்கு அமிழ்ந்துவிடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மோட்டார் சைக்கிள் ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. கண் கூசி 3 வினாடி பார்வை மங்கினால், அவர் 50 மீட்டர் குருடராகவே வருகிறார். வயலை விட்டு வண்டி சாலையில் ஏறுமுன், முன்னும் பின்னும் உள்ள வேலை விளக்குகள் அனைத்தையும் அணைத்துவிட வேண்டும். கூரையில் உள்ளவற்றிற்கு உறை போட்டு மூடுவது அதனினும் சிறந்தது.

9. டிரெய்லரின் பின்புறம்

இந்த வியாசத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் வாசகர் நினைவில் கொள்வாராயின், அது இப்பகுதியாகவே இருக்க வேண்டுமென்று விரும்புகிறோம். புதுக்கோட்டையிலிருந்து சாயர்புரம் வழியாக ஏரல் செல்லும் சாலை போன்ற குறுகிய சாலைகளில், அறுவடைக் காலத்து இரவுகளில் வைக்கோலும் வாழைத்தாரும் ஏற்றிய டிரெய்லர்கள் மெதுவாகச் செல்கின்றன. டிராக்டரின் சிவப்பு விளக்கை டிரெய்லர் மறைக்கிறது. டிரெய்லரின் சிவப்பு விளக்கை, இருந்தால், தொங்கும் வைக்கோல் மறைக்கிறது. பின்னே வருபவருக்கு அது இருட்டோடு இருட்டாகிய ஒரு சுவரே.

60 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் தடையைக் கண்டுணர்ந்து பிரேக்கை அழுத்துவதற்குள் சுமார் 25 மீட்டரும், வண்டி நிற்பதற்குள் மேலும் அவ்வளவிற்குச் சற்று அதிகமும் செல்வார். ஆக 50 மீட்டருக்கு மேல் தேவை. தாழ்த்திய முன்விளக்கில் அவ்வளவு தூரத்தில் வைக்கோல் நிறப் பொருளைக் காண்பது எளிதன்று. சிவப்புப் பிரதிபலிப்பானோ எதிரே படும் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் அதனினும் வெகுதூரத்திலேயே மின்னும். அதற்கு மின்சாரம் வேண்டாம், பல்பு வேண்டாம், பாட்டரி ஓய்ந்தாலும் அது வேலை செய்யும். டிரெய்லரின் பின்புறத்தில் இருபுறமும் சிவப்புப் பிரதிபலிப்பான் வைப்பது 104ஆம் விதியின்படி கட்டாயமும் ஆகும்.

செய்ய வேண்டியவை இவை. டிரெய்லரின் பின் பலகையின் கீழ் ஓரம் முழுவதும் சிவப்பு ஒளிநாடாவும், பக்கவாட்டில் மஞ்சள் ஒளிநாடாவும் ஒட்டுக. டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் இடையே பிளக் வயர் பொருத்தி, சிவப்பு விளக்கையும் பிரேக் விளக்கையும் குறி விளக்கையும் எரியச் செய்க. சுமை ஏற்றியபின் ஓட்டுபவர் இறங்கி 20 தப்படி பின்னே நடந்து சென்று, விளக்கும் நாடாவும் தெரிகின்றனவா என்று திரும்பிப் பார்க்குக. நாடாவில் சேறு படிந்திருந்தால் துடைத்துவிட்டே புறப்படுக. சாலையில் வண்டி பழுதாகி நின்றால், அதன் பின்னே தூரத்தில் சிவப்பு முக்கோணத்தை வைத்து, ஒருவர் கைவிளக்குடன் ஓரத்தில் நிற்க வேண்டும். கல்லை மட்டும் வைத்துவிட்டு, பின்பு அக்கல்லைச் சாலையிலேயே விட்டுப் போவது மற்றுமொரு விபத்திற்கு வித்தாகும்.

10. கிணறும் வெள்ளமும்

புன்செய் நிலங்களில் கைப்பிடிச் சுவரற்ற கிணறுகள் இன்னும் உள்ளன. 2025ஆம் வருஷம் மே மாதத்தில் சாத்தான்குளம் அருகே மீரான்குளத்தில் சாலையோரக் கிணற்றில் ஒரு வேன் விழுந்து உயிர்ச்சேதம் விளைந்தது. இருளில், பின்னோக்கி நகரும் டிராக்டருக்கு அபாயம் எத்தகையது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. இரவு வேலைக்கு வரும் ஓட்டுபவரை, பொழுது சாயுமுன்பே நிலச் சொந்தக்காரர் வயல் முழுவதும் நடத்திக் காட்ட வேண்டும். கிணறு, பள்ளம், மின்கம்பத்தின் இழுகம்பி ஆகியவற்றின் அருகே சுண்ணாம்பு பூசிய கற்களை நடுதல் வேண்டும். வெள்ளைக் கல் இல்லாத இடத்தில் எவ்வளவு சிறந்த விளக்கும் பள்ளத்தை நிழலென்றே காட்டும்.

2023ஆம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை நம் பகுதியினர் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. திருவைகுண்டம் ரயில் நிலையத்தில் ஏறத்தாழ 800 பிரயாணிகளுடன் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுவிட்டது. அத்தகைய இரவில், மின்சாரம் அற்ற கிராமத்தில், உயர்ந்த சக்கரமும் நல்ல விளக்கும் உள்ள டிராக்டரே நடமாடக்கூடிய சாதனம். எனினும் ஓர் எச்சரிக்கை: விளக்கொளி ஓடும் நீரின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும், நீரின் ஆழத்தையோ, உடைந்த சாலையையோ, இழுப்பின் வேகத்தையோ காட்டாது. பிரகாசமான விளக்கு இருப்பதனால் உண்டாகும் தைரியமே அப்போது பெரிய சத்துரு. அடி தெரியாத ஓடும் நீரில் இரவில் வண்டியை இறக்கலாகாது. அந்நேரத்தில் விளக்கின் உபயோகம், மேட்டில் நின்று வழி காட்டுவதும் ஆட்களைத் தேடுவதுமேயாகும்.

11. கிராம அதிகாரிகளுக்கு

கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சிப் பொறுப்பாளர்களும் இவ்விஷயத்தில் அதிகச் செலவின்றி அதிக நன்மை செய்யக்கூடும். அறுவடை தொடங்குமுன் ஒரு நாளைக் குறித்து, ஊரில் உள்ள டிரெய்லர்கள் யாவற்றையும் ஓரிடத்தில் வரவழைத்து, சிவப்பு விளக்கும் ஒளிநாடாவும் உள்ளனவா என்று பார்க்கலாம். ஒளிநாடாவை மொத்தமாக வாங்கினால் ஒவ்வொருவருக்கும் ஆகும் செலவு மிகவும் குறையும். சாலையோரத்திலும் வண்டிப்பாதையோரத்திலும் உள்ள தரைமட்டக் கிணறுகளுக்கு ஜாபிதா தயாரித்து, சுவர் எழுப்பும் வரையில் வெள்ளைக் கற்களையாவது நடச் செய்யலாம். வெளியூரிலிருந்து வரும் அறுவடை இயந்திரங்கள் சாலையில் செல்லும்போது வேலை விளக்குகளை அணைக்குமாறு, அவற்றை அமர்த்தும் விவசாயிகளே வற்புறுத்த வேண்டும்.

முடிவுரை

மேற்கூறியவற்றைச் சுருக்கிக் கூறுமிடத்து: முதலில் வண்டியின் சொந்த விளக்குகளைச் சீர்படுத்துக. அகலக்கதிருள்ள எல்.இ.டி. விளக்குகள் முன்னே இரண்டும் பின்னே இரண்டும் பெரும்பாலான வேலைகளுக்குப் போதும். ஆல்டர்னேட்டரின் அளவை அறிந்து கணக்கிட்டு வாங்குக. தடித்த வயரும் தனிப் பியூஸும் போடுக. புழுதியில் மேல் விளக்கை அணைக்குக. சாலையில் எல்லா வேலை விளக்குகளையும் அணைக்குக. டிரெய்லரின் பின்புறத்தைப் பிறர் காணுமாறு செய்க.

விளக்கு உழைப்பவனுக்கு இரவையும் பகலாக்கித் தருவதாயினும், உறக்கத்தை ஈடு செய்வதில்லை. பகல் முழுவதும் உழுத ஓட்டுபவரை இரவும் உழச் செய்தால் எந்த விளக்கும் அவரைக் காக்காது. ஆள் மாற்றி வேலை வாங்குவதும், களைப்புற்றவரை வீட்டிற்கு அனுப்புவதும் நிலச் சொந்தக்காரரின் கடமை. ஒரு நாள் தாமதத்தால் நேரும் நஷ்டத்தை அடுத்த பூவில் ஈடு செய்துகொள்ளலாம்; உயிர் நஷ்டத்தை எந்தப் பூவிலும் ஈடு செய்ய இயலாது.